இனயத்துக்குப் போன இலைச் சாக்கு

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். உதிர்கிற இலையை யார் அள்ளுவது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். அந்த மௌனத்தின் பலனைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இனயம் கடற்கரை ஊரில், நடுரோட்டில் நின்று நான் அனுபவித்தேன்.

நெய்யூருக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு வாங்கியதே நிழலைப் பார்த்து மயங்கித்தான். ஒரு பலா, ஒரு அயனி, இரண்டு மா, மதிலோரமாகத் தென்னைகள். "ஏசியே வேண்டாம் சாரே" என்றார் தரகர். உண்மைதான். ஆனால் ஏசி இலை உதிர்ப்பதில்லை.

பேரூராட்சியின் குப்பை வண்டி தினமும் வரும். மரக்குப்பைக்கு மட்டும் சனிக்கிழமை. அதிலும் வீட்டுக்கு ஒரே ஒரு சாக்கு. தென்னை மட்டை, கொம்பு, காய்ந்த பாளைக் கொதும்பு எதுவும் எடுக்கமாட்டார்கள். வண்டியோடு வரும் செல்வி அக்கா இந்த விதியில் எள்ளளவும் இளகமாட்டார். எங்கள் பலாவுக்கோ விதி எதுவும் தெரியாது. சனிக்கிழமை வண்டி தெருமுனை திரும்பும் வரை மரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். திரும்பியதும் கொட்டும். மரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

பிறகு அடுத்த வீட்டு அண்ணாச்சி மேல் வந்தது. அவர் வீட்டிலும் மா நிற்கிறது, ஆனால் முற்றம் எப்போதும் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. அவருடைய இலை எங்கே போகிறது? மதில் தாண்டி என் பக்கம் வருகிறதா? கிடந்த மாவிலைகளை எடுத்து, எங்கள் மரத்து இலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். (இயற்பியல் வாத்தியாருக்கு மாவிலையில் என்ன தெரியும்? இரண்டும் பச்சையாக இருந்தன. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.) செல்வி அக்கா அவருக்கு மட்டும் இரண்டு சாக்கு எடுக்கிறாரோ என்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ஒரு சனிக்கிழமை முழுக்க வேவு பார்த்தேன். ஒரு சாக்குதான் எடுத்தார். என் தலையைப் பார்த்துக் கையும் அசைத்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. சாக்கின் மேல் ஏறி நின்று மிதித்து இலையை அமுக்கினேன். "சாரே, இது எலயா கல்லா?" என்று கேட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனார் செல்வி அக்கா. அடுத்த வாரம் இரண்டு சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்து வைத்தேன். ஒரு சாக்குதானே சொன்னார்கள்? அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சாக்குன்னு சொன்னேன் சாரே. மெத்த எடுக்கதில்ல."

எரித்துப் பார்த்தேன். அண்ணாச்சி கேட்டருகே வந்து நின்று, எனக்குக் கேட்கும்படி இருமிக் காட்டிவிட்டுப் போனார். உரக்குழி வெட்டினேன். அதில் ஒரு சாரைப்பாம்பு குடியேறியது. எங்களோடு இருக்கும் என் மாமனார் அதைப் பார்த்த நாளிலிருந்து கொல்லைப்புறக் கதவைத் திறக்கவே விடவில்லை.

இப்படி இலை மலையாகி நின்ற நேரத்தில்தான் அந்தோணியின் போன் வந்தது. அவன் என்னோடு கல்லூரியில் படித்தவன், இனயத்துக்காரன், இப்போது கப்பலில் வேலை. என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏலே, எனக்க புரயிடம் அங்க சும்மா கெடக்கு. கொண்டு தட்டு. தெங்குக்கு மூட்டுல எல போட்டா நல்லதுதான்."

சும்மா கிடக்கும் தோப்பு, தென்னையின் தூரில் இலை. இதைவிட நேர்மையான தீர்வு உண்டா? என் மனைவி சுஜாவும் அவள் அப்பாவான மாமாவும் சாக்கு கட்ட ஓடி வந்தார்கள். சாதாரணமாக முற்றத்தில் ஒரு இலையைக் குனிந்து எடுக்காத மாமா, சாக்கின் வாயைத் தானே சணலால் இறுக்கிக் கட்டினார். சுஜா, "நீங்க போய்க் குளிங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். மரத்தையும் அண்ணாச்சியையும் செல்வி அக்காவையும் சந்தேகப்பட்டவன், வீட்டுக்குள்ளே இருந்த இந்த இரண்டு பேரை மட்டும் நம்பினேன்.

அன்று நான் கிளம்பிய கோலத்தை இங்கே சொல்லியாக வேண்டும். என் கார் கேரளத்து நெய்யாற்றின்கரையில் வாங்கிய பழைய வண்டி. கே.எல். என்று தொடங்கும் பதிவெண்ணை மாற்ற இன்னும் நேரம் வரவில்லை. (சோம்பல் என்று சுஜா சொல்வாள்.) இலைத்தூசிக்குத் தும்மல் வரும் என்பதால் முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தேன். கண் கூசும் என்று கறுப்புக் கண்ணாடி. பின் இருக்கையை மடக்கி அடுக்கிய சாக்குகளில் இருந்து இலை பறக்காமல் இருக்க மேலே ஒரு கறுப்புத் தார்ப்பாய். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் என்னை நானே போலீசில் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

அதுவும் எந்தச் சமயம்? எல்லை தாண்டி வருகிற வண்டிகள் ஆஸ்பத்திரிக் கழிவையும் கோழிக் கழிவையும் நம் பக்கத்து ஓடைகளில் தட்டிவிட்டுப் போகின்றன என்று ஊர் ஊராகக் கொதித்துக்கொண்டிருந்த சமயம். கே.எல். வண்டி மெதுவாகப் போனாலே ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

நான் மெதுவாகத்தான் போனேன். அந்தோணியின் புரயிடம் எது என்று தெரியவில்லை. அவனுக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. கால்வாய்க் கரை ரோட்டில் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். ஒவ்வொரு மதிலுக்கும் நிறுத்தி எட்டிப் பார்த்தேன். ஒரு வீட்டின் முன்னால் பாயில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்ததும் கார்க் கண்ணாடியை இறக்கினேன்.

"அம்மா, இஞ்ச ஆளில்லாத புரயிடம் எங்க இருக்கு?"

அவர் என் துண்டையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்தார். "ஆளில்லாத புரயிடமா? எதுக்கு?"

"கொஞ்சம் சாமான் எறக்கணும்."

"என்ன சாமான்?"

"சும்மா, வேண்டாத சாமான்தான்."

அந்தோணி என்ற பெயரை முதலிலேயே சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த அம்மாள் முந்தானையால் கையைத் துடைத்தபடி, "நேரா போங்க, நல்ல எடம் இருக்கு" என்றார் மிக அன்பாக. நான் நன்றி சொல்லிவிட்டு நேராகப் போனேன். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மீன் வண்டி நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தால் இரண்டு பைக்குகள். கடற்கரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த கூட்டம் பந்தோடு ஓடி வந்தது.

முன்னால் வந்தவர் பெயர் மிக்கேல் என்பது பிறகு தெரிந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர், கையில் ஊசியோடு அப்படியே எழுந்து வந்திருந்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறேன் என்று மலையாளத்தில் கேட்டார்.

"எவிடந்நா சேட்டா வருந்நே?"

நான் திருவனந்தபுரத்தில் படித்தவன். பயம் வந்தால் கேட்ட பாஷையிலேயே பதில் சொல்லிவிடுவது என் பிறவிக் கோளாறு.

"ஐயோ, ஞான் தமிழனாணு!"

கூட்டம் சிரித்த சிரிப்பு அடுத்த ஊர் வரை கேட்டிருக்கும்.

"கேட்டியளா? தமிழனாணாம்!"

"மூஞ்சியக் காட்டும் வே" என்றார் ஒருவர். துண்டை அவிழ்த்தேன். அதற்குள் யாரோ போட்டோ எடுத்தார்கள். நான் வாத்தியார், சாக்கில் இருப்பது வெறும் இலை, அந்தோணி சொல்லித்தான் வந்தேன் என்று தமிழில் கதறினேன்.

"எந்த அந்தோணி?" என்றார் மிக்கேல். "இஞ்ச கண்ண மூடிட்டு ஒரு கல்ல எறிஞ்சா அது ஒரு அந்தோணி மேலதான் விழும்."

"சந்தேகமா இருந்தா அவுத்துப் பாருங்க" என்றேன். அன்று நான் தைரியமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

முதல் சாக்கின் வாயை அவிழ்த்தார்கள். பலா இலை. கையை விட்டார்கள். மறுபடியும் பலா இலை. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மிக்கேல் என்னைப்போலவே சந்தேகப் பிராணி.

"மேல எலயப் போட்டு மூடியிருக்கான். தலகீழாத் தட்டுலே."

தட்டினார்கள். இலைகளுக்கு நடுவில் இருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா உருண்டு வந்து மூடி கழன்றது. ரோட்டில் பளபளவென்று ஊசிகள் சிதறின. அதைத் தொடர்ந்து பஞ்சு, காலி மாத்திரை அட்டைகள், மருந்துக் குப்பிகள்.

யாரும் சிரிக்கவில்லை. மிக்கேலின் முகம் மாறியது. "சின்னப் பிள்ளேள் செருப்பில்லாம ஓடுத ரோடு வே இது" என்றார் தாழ்ந்த குரலில். கூட்டம் ஒரு அடி நெருங்கியது. போலீசுக்குப் போன் போடு என்றது ஒரு குரல். போலீசெல்லாம் பிறகு, முதலில் கால்வாயில் இவரை ஒரு முக்கு முக்கி எடுப்போம் என்றது இன்னொரு குரல். நான் குனிந்து பார்த்தேன். அந்த ஊசிகளை எனக்குத் தெரியும். தினமும் காலையில் சாப்பாட்டு மேசையில் பார்க்கிறேன். மாமாவின் இன்சுலின் ஊசிகள்.

"எனக்க வீட்டுக்காரிக்கிட்ட கேளுங்க" என்று போனை எடுத்தேன்.

"ஸ்பீக்கர்ல போடும்" என்றார் மிக்கேல்.

போட்டேன். "சுஜா, சாக்குல மாமாவுக்க ஊசி எப்படி வந்துது?"

"ஊசியா? அப்பா! இஞ்ச வாங்க, என்னத்த போட்டிய சாக்குல?"

தூரத்தில் மாமாவின் குரல் கேட்டது. "செல்வி எடுக்கமாட்டேன்னுட்டா மக்கா. எலச்சாக்குல போட்டா யாரு பாக்கப்போறா?"

(இனயமே பார்த்துக்கொண்டிருந்தது.)

அதற்குள் இரண்டாவது சாக்கையும் தட்டியிருந்தார்கள். உடைந்த முகக்கண்ணாடி, கருகிய தோசைக்கல், அவற்றோடு சுருட்டி வைத்த ஒரு மஞ்சள் சட்டை. கட்டம் போட்ட என் மஞ்சள் சட்டை. தேய்ப்புக்கடைக்காரர் தொலைத்துவிட்டார் என்று சுஜா சொல்லி, நானும் அவரைச் சந்தேகப்பட்டுக் கடையையே மாற்றி, எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகக் காரணமான அதே சட்டை. சுற்றி நிற்கும் கூட்டம், போலீஸ், கால்வாய் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"ஏட்டி! எனக்க மஞ்சச் சட்டை இதுல எப்படி வந்துது?"

மறுமுனையில் டங்கென்று ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அணை உடைந்தது.

"ஆமா, நான்தான் போட்டேன். அதுக்கு இப்ப என்ன? அந்தச் சவத்துச் சட்டையப் போட்டுட்டு எனக்க சித்தி மவ கல்யாணத்துக்கு வந்து நின்னியளே, பந்தியில வெளம்புத ஆளுன்னு நெனச்சு ஒங்ககிட்ட சாம்பார் கேட்டாவளே, அந்தக் கேவலத்த யாரு பட்டா? எல தட்டப் போன மனுசன் தட்டிட்டு வரவேண்டியதுதான? சாக்கக் கிண்டிப் பாக்க யாரு சொன்னா? எதுலயும் சந்தேகம்! மாவிலையப் பிடிச்சு அளந்து பாக்கது, பொம்பள கணக்கா ஜன்னல் வழியா நோட்டம் விடுதது, ஒரு பலா எல விழுந்தா அதுக்கும் ஒரு ஆவலாதி! இதுக்கு நான் நாலு மரத்தக் கெட்டியிருந்தா நிழலாவது கிட்டியிருக்கும்!"

கூட்டத்தில் இறுக்கம் தளர்ந்தது. பெரியவர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கல்யாணமாகியிருக்க வேண்டும்.

"லேய், விடுங்கலே" என்றார் மிக்கேல். "இது நம்ம ஊருப் பொம்பளதான். மலையாளத்தானுக்கு இந்த ஏச்சு கிட்டாது." பிறகு போனுக்குக் குனிந்தார். "அக்கா, இவரு ஒங்க ஆளுதான?"

"அது யாரு பேசுதது?" சுஜாவின் குரலில் உடனே சந்தேகம் ஏறியது.

"இனயம் மிக்கேல். குப்ப தட்ட வந்தாருன்னு பிடிச்சு வெச்சிருக்கோம்."

"நல்ல காரியம். கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குள் கருவாட்டு அம்மாளும் வந்து சேர்ந்திருந்தார். "கப்பல்ல போற அந்தோணியா? அவனுக்க புரயிடம் இந்தா இருக்கே" என்று கை நீட்டினார். என் கார் நின்றுகொண்டிருந்ததே அதன் கேட்டின் முன்னால்தான்.

மிக்கேல் மீன் வண்டிக்காரரிடம் ரப்பர் கையுறை வாங்கித் தந்தார். ஒரு ஊசி மிச்சமில்லாமல் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். பந்து விளையாட்டுக் கூட்டம் இலைகளைத் தூக்கிப்போய் அந்தோணியின் தென்னைகளின் மூட்டில் பரப்பியது. கிளம்பும்போது அந்த அம்மாள் ஒரு பொதி கருவாடு தந்து, "வெறுங்கையோட போவாண்டாம்" என்றார். குப்பை தட்டப் போனவன் ஊசி, உடைந்த கண்ணாடி, தோசைக்கல், சட்டை, கருவாடு எல்லாவற்றோடும் வீடு திரும்பினேன்.

போட்டோவை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அது எனக்கு முன்பே நெய்யூருக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கழிவோடு மலையாளி இனயத்தில் சிக்கினார் என்ற வாசகத்தோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. துபாயில் இருக்கும் என் தம்பி, "இந்த மலையாளிக்கு நம்ம அண்ணன் சாயல் இருக்கு" என்று கீழே எழுதியிருந்தான். திங்கள்கிழமை தலைமையாசிரியை எதுவும் கேட்காமல் மலையாளத்தில் குட் மார்னிங் சொன்னார்.

அந்த வாரமே நம்பர் பிளேட்டை மாற்றினேன். தேய்ப்புக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போய் நின்றேன், அவர் காரணம் கேட்கவில்லை, போட்டோவும் சட்டைக் கதையும் அவருக்கும் போயிருந்தன. மாமா இப்போது ஊசிகளைத் தனியாகச் சேர்த்து ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுகிறார். செல்வி அக்கா மட்டும் இன்றும் என் சாக்கில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் தூக்குகிறார். அண்ணாச்சி வீட்டுச் சாக்கில் கையை விடுவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எங்கள் வீட்டில் ஏதாவது காணாமல் போனால் இப்போது யாரும் தேடுவதில்லை. சாவி, ரிமோட், மாமாவின் பல்செட், எதுவானாலும் "இனயத்துக்குப் போயிருக்கும்" என்பதே பதில். துபாயில் இருக்கும் தம்பியின் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். இனயம் என்பது ஒரு ஊர் என்றே அவர்களுக்குத் தெரியாது.

மீட்டு வந்த மஞ்சள் சட்டையைத் துவைத்து, தேய்த்து, அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். போன ஓணத்துக்குப் போடலாம் என்று திறந்தால் காணோம். சுஜா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மும்முரமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

இனயத்துக்குப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அலமாரியைப் பூட்டினேன்.