முதலில் தண்ணீர், பிறகு தள்ளுபடி

அன்றைக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தப் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த அதிகாரி. அவருக்குப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுக்கத் தலையாரி. எங்கள் ஊர் அம்பலகாரர். அவர் குடையை வைத்திருந்த அவர் மச்சினன். நான். எனக்குக் கஞ்சி கொண்டுவந்த என் மனைவி மீனாள். கஞ்சி வாசத்துக்கு வந்த ஓர் ஆடு.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சுருக்கமாகத்தான் எழுதுவேன். அன்றைக்குச் சுருக்கமாகப் பேசியிருந்தால் மெம்பர் ஆகியிருப்பேன்.

சமஸ்தானம் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. பஞ்சாயத்து என்று ஒன்று ஊரில் இருந்தது. அம்பலகாரர் கை காட்டிய ஆள்கள் மெம்பர். போட்டி என்று வந்தது அதுதான் முதல் தடவை. காரணம் கிணறு. கீழத்தெருவில் எங்களுக்குக் கிணறு கிடையாது. பெண்கள் மேலத்தெருவில் அம்பலகாரர் கிணற்றுக்குப் போய், அவர் மாடுகள் குடித்து முடிக்கும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். புதுக் கிணறு ஒன்று வெட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே மெம்பர். அவர் எந்தத் தெருவோ கிணறு அந்தத் தெருவுக்கு. தெருவே கூடி என்னை நிற்கச் சொன்னது. (மற்ற எல்லோரிடமும் கேட்டு முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.) நான் நிற்கிறேன் என்றதும் இந்தத் தடவை அம்பலகாரர் தாமே நின்றார்.

ஒரு மனு போனால் இன்னொன்று இருக்கட்டும், மாற்று ஆள் பேரிலும் மனுக் கொடுக்கலாம் என்றார்கள். என் மச்சான் பேரைக் கொடுக்கலாமென்றால் அவன் சிலோனில் இருந்தான். மீனாள் பேரைக் கொடுத்தேன். வண்டியில் உபரிக் கடையாணி போட்டு வைப்போமே, அந்த மாதிரி. அம்பலகாரரிடமும் சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு எதுக்குய்யா மாத்து?" என்றாராம்.

அன்றைக்கு மனுக்களைச் சரிபார்க்கும் நாள். அதிகாரி மெலிந்த மனிதர். சட்டைக் காலர் கிழிந்து தைத்திருந்தது. குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். முதலில் அம்பலகாரரைக் கூப்பிட்டார்.

"ஐயா என்ன வேலை பாக்குறீங்க?"

மச்சினன் முந்திக்கொண்டான். "என்ன இப்படிக் கேக்குறீங்க? ஊரு மணியமே இவுகதான். வரி வசூல் பூரா இவுக கையில. மாசாமாசம் சர்க்கார் சம்பளம் வருது."

அதிகாரி தலையாரியைப் பார்த்தார். "ஐயாவுக்குத் தண்ணி குடுங்க."

அம்பலகாரர் குடித்தார்.

"சர்க்கார் சம்பளம் வாங்குறவங்க நிக்கக் கூடாதுங்க. மனு தள்ளுபடி."

அம்பலகாரரைப் பார்த்துக் கூடாது என்று சொன்ன ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. அவர் தும்மினால் ஊரில் நாலு பேர் துண்டை இடுப்புக்கு இறக்குவார்கள். இந்த மனிதர் குரலைக்கூட உயர்த்தவில்லை. சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான். நான் ஆட்டைப் பார்த்தேன். அதுவும் மெல்லுவதை நிறுத்தியிருந்தது.

அடுத்து என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கழுத்தில் மாலை விழுந்த மாதிரியே இருந்தது.

"தொழில்?"

"விவசாயமுங்க."

சரி என்று பேனாவை எடுத்தார். வாசற்படியில் நின்ற அம்பலகாரர், "விவசாயமாம். நாலு கடலைச் செடிய நட்டுப்புட்டு. இவனுக்கு என்ன இருக்குன்னு மெம்பரு?" என்றார்.

விட்டிருக்கலாம். பேனா பாதி தூரம் இறங்கியிருந்தது.

"ஏன் இல்ல? கம்மாக்கரைப் புளியமரம் பூரா எம்பேர்லதான் இருக்கு" என்றேன். (மெம்பராக நிற்கப் போகிறவனுக்கு ஒரு மதிப்பு வேண்டுமே என்று அந்த மாசியில்தான் ஏலம் எடுத்திருந்தேன்.)

பேனா நின்றது. "அது பஞ்சாயத்து மரமாச்சே?"

"பஞ்சாயத்து மரமேதான். மூணு வருசக் குத்தகை."

"ஒங்க பேர்லயா?"

"வேற யாரு பேர்லங்க?"

அதிகாரி தலையாரியைப் பார்த்தார். "இவருக்கும் தண்ணி குடுங்க."

அம்பலகாரர் குடித்த அதே செம்பு. எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டே அண்ணாந்தேன்.

"பஞ்சாயத்துக் குத்தகை வச்சிருக்கிறவங்க நிக்கக் கூடாதுங்க. மனு தள்ளுபடி."

தண்ணீர் மூக்கில் ஏறியது. "சார், மரத்த விட்டுடுறேன்" என்றேன்.

"மனுக் குடுத்த அன்னைக்கு இருந்துச்சுங்களே" என்றார், வருத்தமாக. அம்பலகாரருக்குப் போட்ட கோட்டின் நீளமேதான் எனக்குப் போட்ட கோடும். அம்பலகாரரோடு ஒரே அளவில் ஒன்று எனக்குக் கிடைத்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கீழத்தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்று நின்றேன். அதிகாரி அடுத்த தாளை எடுத்து, "மீனாள்" என்றார்.

தூணுக்குப் பின்னாலிருந்து, "நானுங்களா?" என்று கேட்டது. அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"சர்க்கார் சம்பளம் எதுவும் வாங்குறீங்களா?"

"இல்லீங்க."

"ஒங்க பேர்ல குத்தகை?"

"இல்லீங்க."

"வரி பாக்கி?"

"எம்பேர்ல ஒண்ணுமே இல்லீங்களே" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

தலையாரி அதற்குள் செம்பை முக்கிவிட்டான். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம், வைங்க. இந்த மனு சரியா இருக்கு."

வேறு மனு கிடையாது. போட்டியே இல்லை. கஞ்சிக் கலயத்தைத் தேடினேன். ஆடு முடித்துவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் மேலத்தெருக் கிணற்றடியில் அம்பலகாரர் மாடுகளைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தார்கள். யார் சொல்லிக் கட்டினார்கள் என்று தெரியாது. அடுத்த வருடம் கீழத்தெருவில் கிணறு வந்தது. தண்ணீர் இனிப்பு.

என் குத்தகை முடிந்து மறுபடி புளியமர ஏலம் வந்தது. முன்வரிசையில் போய் நின்றேன். மீனாள் மெம்பர்களோடு பெஞ்சில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். தலையாரியைத் திரும்பிப் பார்த்து, "இவுகளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

புரிந்துவிட்டது. குடித்துவிட்டு வெளியே வந்தேன். மெம்பர் வீட்டு ஆள் ஏலம் கேட்கக் கூடாதாம்.

"என்ன கருப்பையா, தாகமா?" என்றார் வாசலில் அம்பலகாரர்.

"ஆமாங்க" என்றேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது இல்லை என்று சொல்வதானால் முதலில் தண்ணீர் வரும். தரகர்கள் குடித்திருக்கிறார்கள். கடன் கேட்டு வந்த பங்காளிகள் குடித்திருக்கிறார்கள். சின்னவன் மோட்டார் சைக்கிள் கேட்டபோது அவன் ஆத்தா எழுந்து பானைப் பக்கம் போனாள். திரும்பி வருவதற்குள் அவன் பழைய சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

போன மாதம் புது மருமகள் கேட்டாள். "அத்தே, அந்த எலெக்சன்ல நீங்க எத்தன ஓட்டு வாங்குனீங்க?"

மீனாள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

பூஜ்யம்.