பட்டதற்கு அடையாளம் இல்லை

ஆபத்தில்லாத விளையாட்டுகளை ஆராய்வதற்கென்றே எங்கள் ஊரில் ஓர் அலுவலகம் இருக்கிறது. ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்கக் கூடாது. கேட்டவரின் மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

அந்த அலுவலகத்துக்கு நான்கு மாதமாக நடையாய் நடந்தார் ஒரு மைதானக்காரர். பெயிண்ட்பால் மைதானம். துப்பாக்கியில் சாய உருண்டை போட்டு ஒருவரையொருவர் சுட வேண்டும். யார் சட்டையில் சாயம் தெறிக்கிறதோ அவர் தோற்றவர். இப்போது இதுதான் மோஸ்தர். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுமதி வராவிட்டால் மாமனாரின் செங்கல் சூளைக்கு மேற்பார்வையாளராக வந்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மாமனாரை அறிந்தவர்களுக்கு மனிதரின் அவசரம் புரியும்.

துப்பாக்கியின் குறியைச் சோதிக்க வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். சாயம் பட்டால் சுவர் கறையாகும்; ஆகவே திரும்பத் திரும்பப் பயன்படும் ரப்பர் பந்துகளைக் கொண்டே சோதனை நடைபெறுதல் வேண்டும் என்பது விதி. மைதானக்காரரின் மனைவி துப்பாக்கியை எடுத்து, சுவரில் தொங்கிய தகரத் தட்டைப் பத்து முறை சுட்டார். பத்து முறையும் தட்டு டங்கென்றது.

"பட்டதுக்கு அடையாளம் எங்கே?" என்றார் அதிகாரி.

"ரப்பர் பந்து எப்படி சார் அடையாளம் விடும்? சத்தம் கேட்டுச்சே," என்றார் மனைவி.

"சத்தத்தை ஃபைல்ல வைக்க முடியுமாம்மா? அடையாளம் இல்லன்னா, படலன்னு அர்த்தம்."

மைதானக்காரரின் முகம் செத்துவிட்டது. மனைவி பதினோராவது பந்தைப் போட்டுச் சுட்டார். அது தட்டில் பட்டு எகிறி வந்து அதிகாரியின் தொடையைப் பதம் பார்த்தது. அவர் ஒற்றைக் காலில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டுருச்சா சார்?"

அதிகாரி யோசித்தார். பட்டது என்றால், பாதுகாப்புக் கோட்டைத் தாண்டி ஏன் நின்றார் என்று விளக்கம் எழுத வேண்டும். தொடையிலுள்ள அடையாளத்தை அலுவலகத்தின் மூவர் குழுவின் முன் காட்ட வேண்டும். குழுவின் தலைவி அவருடைய மேலதிகாரி.

"படல," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்போ இது யார் மேலயும் படாதுன்னு எழுதிடலாமா சார்?"

வேறு வழியில்லாமல் அவர் எழுதினார்: 'குறி சோதிக்கப்பட்டது. எவர் மீதும் படாதது ஐயமறக் கண்டறியப்பட்டது. ஆகவே பொதுமக்களுக்கு உகந்தது. சோதனையில் பயன்படுத்திய வகைப் பந்துகளை மட்டுமே பயன்படுத்துதல் வேண்டும்.'

அதிகாரி போன பிறகு மைதானக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "சாயம் இல்லாம யாரு தோத்தாங்கன்னு எப்படித் தெரியும்? எவன் வருவான்?"

"வருவாங்க, பாருங்க," என்றார் மனைவி.

ஊரே வந்தது. தோற்கவே முடியாத விளையாட்டை யார் விடுவார்கள்? மைத்துனன் மாப்பிள்ளையைச் சுட்டான். குமாஸ்தா மேலாளரைச் சுட்டார். "என் மேல ஒண்ணுகூடப் படல" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் நொண்டி நொண்டி வெளியே வந்தார்கள். மருந்துக்கடையில் வலித் தைலம் தீர்ந்துபோனது. வாங்கியவர்கள் அத்தனை பேரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

இந்தப் பைத்தியக்காரத்தனத்தைக் கண்டித்து எழுதியே தீர்வது என்று நானும் போய் மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தேன். சத்தியமாக என் மேல் ஒன்றும் படவில்லை. இதை நின்றுகொண்டே எழுதுகிறேன் என்பது வேறு விஷயம்.