ஆளுக்குப் பஞ்சமில்லாதவர்

தனிமை என்பது அடுத்த வீட்டுக்காரருக்கு மட்டுமே வருகிற வியாதி என்று நம்புகிற ஓர் இனம் கொழும்பில் பெருகி வருகிறது. சந்தேகமிருந்தால் வெள்ளவத்தைக்கு வாருங்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஏதாவதோர் ஒழுங்கையில் நுழைந்து, ஏதாவதொரு தொடர்மாடியின் வாசலில் சற்று நில்லுங்கள். மடிப்புக் கலையாத சட்டையும் சுருட்டிய பத்திரிகையுமாக ஒருவர் வந்து உங்களைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. அதனால் என்ன? "இந்த பில்டிங்கில இருக்கிற கிழடுகள் எல்லாம் பாவம் தம்பி. பிள்ளையள் வெளியில. கதைக்க ஒரு சனம் இல்லை" என்று உச்சுக் கொட்டுவார். அப்போது நீங்கள் வாயைக் கொடுத்து, "ஐயா, நீங்கள்?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஒரு சிரிப்புச் சிரிப்பார். "எனக்கென்ன, ஆளுக்குப் பஞ்சமோ!"

நம்முடைய ஞானசம்பந்தம் இந்த இனத்தில் கலப்படமே இல்லாத சாதி. கப்பல் கம்பனி ஒன்றில் தலைமைக் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகன் டொரன்டோவில். நான்காம் மாடியில் மூன்று அறை வீடு, வரவேற்பறையில் பத்துப் பேர் இருக்கக்கூடிய கதிரைகள், அவற்றில் ஒன்றில் இவர்.

ஆனால் மனுசன் ஓய்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். காலையில் கறிவேப்பிலை வாங்க மரக்கறிக் கடைக்குப் போவார். அந்தக் கையோடு தேசிக்காயையும் வாங்கி வந்தால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கலாம்தான். பிறகு தேசிக்காய் வாங்க எப்படிப் போவது? ஆகவே தேசிக்காய்க்கு ஒரு நடை, பச்சை மிளகாய்க்கு ஒரு நடை, வாங்கிய மிளகாயில் உறைப்புப் போதாது என்று முறையிட இன்னொரு நடை. இடையில் வங்கி. பணம் போடவுமில்லை, எடுக்கவுமில்லை. பாஸ்புத்தகத்தைப் பதிய வேண்டும். பதிவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று கண்ணாடிக்கு அப்பாலிருக்கும் பெண் சொல்வாள். "இருக்கட்டும் பிள்ளை, எதுக்கும் ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்கிற நேரத்தில் அவளுடைய கலியாணப் பேச்சு எந்த அளவில் நிற்கிறது என்று விசாரித்துவிடுவார். பின்னேரம் மலர்ச்சாலை. இறந்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? மரண அறிவித்தலில் உள்ள முகத்தை எங்கோ கண்டதுபோல் இருந்தால் போதும். முன்வரிசையில் உட்கார்ந்து, "நல்ல மனிசன், போயிட்டார்" என்று பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வார். தவறான இலக்கத்துக்கு அழைத்தவர்கள்கூட இவரிடம் தப்ப முடியாது. யாரைத் தேடுகிறீர்கள், அவர் எந்த ஊர், என்ன காரியமாகத் தேடுகிறீர்கள் என்று, தேடியவருக்குத் தேடலே வெறுத்துப்போகும்வரை விடமாட்டார். வீட்டில் தொலைக்காட்சி எப்போதும் உரத்தே ஓடும். வெளியே நடையில் போகிறவர்களுக்கு உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா?

இப்படிப்பட்டவரிடம்தான் ரக்ஷிதா வந்து சேர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பிள்ளை. தனியாக வாழும் முதியவர்களை வியாழன்தோறும் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் கூட்டி, பேச்சு, பாட்டு, கரம்போர்ட் விளையாட்டு, பிளேன்டீ என்று பழகவிட்டால் அவர்களுடைய தனிமை குறைகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. வேன் வந்து ஏற்றிப்போகும், கொண்டுவந்து விடும்.

"அங்கிள், விருப்பமான ஆக்கள் மட்டும் வந்தாப் போதும். நீங்க சேருவீங்களா?" என்று கேட்டாள்.

"நானோ?" ஞானசம்பந்தம் சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு யாரையோ கேட்கிறாள் என்பதுபோல. "எனக்கு நேரமெங்க பிள்ளை? ஆனா ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ. இந்த பில்டிங்கில ஆர் ஆர் தனிச்சுப்போய் இருக்கினம் எண்டு எனக்குத்தான் தெரியும். வாங்கோ, நான் பிடிச்சுத் தாறன்."

பிடித்துத் தருகிறாராம். மீன் சந்தைக்குப் போகிற ஆள் மாதிரிக் கிளம்பினார். முதலில் தட்டியது இரண்டாம் மாடியில் நாச்சம்மை வீட்டுக் கதவை. புறக்கோட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்த குடும்பம். கணவர் போய், கடையை விற்று, பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்தபின் தனியே இருப்பவர். கதவு திறந்ததும் ஞானசம்பந்தம் நடைகூடம் முழுவதும் கேட்கிற குரலில் அழைப்பு விடுத்தார்: "அம்மா, உங்களுக்கு ஒருத்தரும் இல்லைதானே, அதுதான் வந்தனாங்கள்!"

"யாருங்க சொன்னா எனக்கு ஒருத்தரும் இல்லேன்னு?" என்றார் நாச்சம்மை. கதவு மூடிக்கொண்டது.

மூன்றாம் மாடியில் றோஸி டீச்சரும் முதலாம் மாடியில் ஸாலிஹ் ஹாஜியாரும் இதைவிட மரியாதையாகத்தான் மூடினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ரக்ஷிதா கெட்டிக்காரி. மறுநாள் இவருக்குச் சொல்லாமல் தனியே வந்து அதே மூன்று கதவுகளையும் தட்டினாள். "ஆன்ட்டி, என்ட படிப்புக்கு ஒரு உதவி வேணும். நீங்க வந்தாத்தான் எனக்கு ஆய்வை முடிக்க ஏலும்" என்றாள். திறந்தது கதவு! உள்ளே அழைத்து, உட்காரவைத்து, முறுக்கும் தேநீரும் கொடுத்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாழ்ந்த குரலில் உண்மையைச் சொல்லி, மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் ஐந்து பேர். ஆக எட்டுப் பேர், எட்டுப் பேருமே ஒரு ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு உதவத்தான் போகிறார்கள். தனிமையாவது ஒன்றாவது!

முதல் வியாழக்கிழமை வேன் வந்து எட்டுப் பேரையும் அள்ளிக்கொண்டு போனது. ஞானசம்பந்தம் வாசலில் நின்று கையசைத்தார். "எல்லாம் நான் பிடிச்சுக் குடுத்த ஆக்கள்" என்று வாசலில் காவலிருக்கும் வோச்சரிடம் சிங்களத்தில் பெருமையடித்தார். பிறகு லிஃப்டில் ஏறினார். லிஃப்டில் யாரும் இல்லை. மூன்றாம் மாடியில் றோஸி டீச்சரின் வானொலி இல்லை. இரண்டாம் மாடியில் தாளிக்கிற வாசனை இல்லை. ஹாஜியாரின் இருமல்கூட இல்லை. அந்த இருமலைத் திட்டாத நாளில்லை இவர். அன்றைக்கு அதற்காகக் காது ஏங்கியது. தேசிக்காய்க்கும் மிளகாய்க்கும் நடந்து பார்த்தார், மலர்ச்சாலைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. மாலையில் வேன் திரும்பியபோது எட்டுப் பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் இறங்கி, கரம் போட்டியில் ஹாஜியார் செய்த கள்ளத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இவர் பக்கத்தில் நின்று, என்ன விசயம் என்று தெரியாமலே சிரித்தார். தானும் போயிருக்க வேண்டும் என்று அந்த மனுசனுக்கு நெஞ்சு முட்டியது. ஆனால் வாய்? அது இறங்கி வருமா!

அடுத்த வியாழன் புதுச் சட்டையுடன், வாசனைத் தண்ணீர் தெளித்து, வழியனுப்ப என்று கீழே வந்து நின்றார். எட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள். ரக்ஷிதா கையில் கேள்விகள் ஏற்றிய டெப்லெட் கணினியுடன் இறங்கி வந்தாள்.

"அங்கிள், கொட்டாஞ்சேனை ஆள் ஒருத்தர் விலகிட்டார். ஒரு இடம் இருக்கு. இண்டைக்குப் பிறகு ஆள் சேர்க்க ஏலாது. தெரிஞ்ச ஆக்கள் இருக்கா?"

பழக்கதோசம், ஞானசம்பந்தத்தின் விரல் தானாகவே மேல்மாடியை நோக்கி எழுந்தது. அங்கே இனி யார் இருக்கிறார்கள்? எல்லாரும் வேனுக்குள். விரல் அப்படியே நின்று, மெல்ல மடங்கியது.

"வேணுமெண்டால்... உங்கட படிப்புக்கு ஒரு உதவியா... நான் வாறன்."

"நல்லம் அங்கிள். கேள்விக்கு மறுமொழி சொன்னாப் போதும். மற்றவங்ககிட்ட வீட்டுக்குள்ளதான் கேட்டனான். மேல போவமா?"

"சீச்சீ, எனக்கென்ன ஒளிப்பு மறைப்பு? இதிலயே கேளுங்கோ."

வேனின் கண்ணாடிகள் எட்டும் இறங்கின.

"ஒரு கிழமையில எத்தனை பேரோட கதைப்பீங்க?"

"கணக்கு வழக்கில்லை!" என்றார் ஞானசம்பந்தம். குதிரை ஓடத் தொடங்கிவிட்டது. மரக்கறிக் கடை, வங்கி, மலர்ச்சாலை, தவறான இலக்கங்கள், மகன் நாள் தவறாமல் எடுக்கிற அழைப்பு என்று மூச்சு விடாமல் அடுக்கினார்.

ரக்ஷிதாவின் முகம் சுருங்கியது. "அப்ப அங்கிளுக்குத் தனிமை இல்லை. உங்களை எடுக்க ஏலாது."

நாற்பது வருடம் எந்த நேர்முகத் தேர்விலும் தோற்காத மனுசன்! "நில்லுங்கோ பிள்ளை. கடைக்காரனைக் கணக்கில எடுக்காதைங்கோ, அவன் சாமான் விக்கக் கதைக்கிறவன். பாங்கில அந்தப் பிள்ளை நான் வாறதைக் கண்டால் சாப்பிடப் போயிடும்."

"மகன்?"

"அவன்..." குரல் இறங்கியது. "பொங்கலுக்கு எடுத்தவன்."

"சரி அங்கிள், கடைசிக் கேள்வி. இரவில திடீரெண்டு சுகமில்லாமப் போனா யாரைக் கூப்பிடுவீங்க?"

ஞானசம்பந்தம் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகினார். நாச்சம்மைக்கு மனம் பொறுக்கவில்லை. "என்னையக் கூப்பிடுவாரும்மா! எழுதிக்க, நான் இருக்கேன்" என்றார்.

"ஆன்ட்டி, அப்படி எழுதினா இவரை எடுக்க ஏலாதே!"

"அடக் கடவுளே! அப்ப எழுதாத! இந்த மனுசர் யாரு? எனக்குத் தெரியவே தெரியாது!"

"இவவிட்ட என்ர நம்பரே இல்லை!" என்று ஞானசம்பந்தமும் சேர்ந்து கத்தினார்.

ஸாலிஹ் ஹாஜியார் பொய் சொல்ல மாட்டார். யோசித்து உண்மையாகவே ஒன்றைப் பிடித்தார். "பெருநாளைக்கு இவருக்கு வட்டிலப்பம் அனுப்பினேன் மகள். நான் போகல்ல. வோச்சர்ட கையிலதான் குடுத்தேன். வருசத்துக்கு ஒருக்கா அதுதான் எங்கட உறவு."

"நான் இவரைக் கண்டால் லிஃப்டில ஏறாமல் படியால போறனான்!" என்றார் றோஸி டீச்சர்.

"எங்கட பக்கமே வாறதில்லை!" "பேரே இப்பதான் தெரியும்!" எட்டுப் பேரும் போட்டி போட்டு, இவருக்கு ஒருவருமே இல்லை என்று ஒழுங்கை அதிரச் சாட்சி சொன்னார்கள். ஞானசம்பந்தம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவர், பாதியில் சிரிப்பை விட்டுவிட்டார். இதில் நாச்சம்மையைத் தவிர வேறெவரும் ஒரு சொல்லைக்கூட இட்டுக்கட்டவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவங்க சொன்னா நான் எழுத ஏலாது" என்றாள் ரக்ஷிதா மெதுவாக. "அங்கிள்தான் சொல்லோணும்."

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை" என்றார் ஞானசம்பந்தம். "கூப்பிட எனக்கு ஒருத்தரும் இல்லை."

சொன்னதும் ஒழுங்கை பிளந்துவிடவில்லை. வோச்சர் பீடியைப் பற்றவைத்தான், அவ்வளவுதான். வேனின் கதவு திறந்தது; றோஸி டீச்சர் ஜன்னலோரத்திலிருந்து தள்ளி இடம் விட்டார். காலி வீதிக்குத் திரும்புவதற்குள் ஞானசம்பந்தம் பம்பலப்பிட்டியில் தனித்துப்போன ஒரு பாவப்பட்ட மனிதரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார். இனம் அவ்வளவு சுலபமாக மாறுமா என்ன?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். அட, இது எங்கள் ஒழுங்கை மூன்றாம் வீட்டு மனுசனேதான் என்று ஒரு முகமும் மனதில் வந்திருக்கும். பாவம், அவருக்குப் பேச ஆளில்லை, ஒருதரம் போய் இதை வாசித்துக் காட்டினால் என்ன என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகப் போங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் புறப்படுங்கள். தாமதித்தால், அதே இரக்கத்தோடு, இதே கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் உங்கள் கதவைத் தட்டிவிடுவார்.