தள்ளுபடியின் பூண்டுக் கணக்கு

நாளைக்குக் கிடைக்கப்போகும் காப்பிக்கு இன்றைக்கே மதிப்பைக் குறைத்தவன் உலகத்தில் ஒருவன்தான். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் என்னோடு கிளார்க்காக இருந்தான். வீட்டில் வைத்த பெயர் எங்களுக்கே மறந்துபோய், எல்லோருக்கும் அவன் ‘தள்ளுபடி’ ஆகிவிட்டான்.

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் ஒரு வங்கி, கம்பெனிகளுக்கு மூலதனம் திரட்டித் தரும் மெர்ச்சன்ட் பேங்கிங் பிரிவுக்கு ஆள் எடுத்தது. இருந்தது ஒரே ஒரு இடம். ஒரே அறையில் தங்கியிருந்த எங்கள் இருவருக்கும் இன்டர்வியூ கார்டு வந்து சேர்ந்தது. படிக்கவும் ஒரே புத்தகம்தான்.

நான் நெட்டுருப் போட்டேன். அவனுக்கு அது ஆகாது. படித்ததைக் கண்ணில் படுகிற எதன் மேலாவது போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். தேய்மானம் படித்த வாரம் என் ஸ்வெட்டருக்கு வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வந்து, “கணக்குப்படி இது இப்ப இல்லலே, நீ சும்மாதான் நிக்கிற” என்றான். குட்வில் படித்த அன்று டீக்கடைக்காரரிடம் போய், பாய்லரை விட அவர் பேருக்குத்தான் மதிப்பு அதிகம் என்று விளக்கினான். மனிதர் அதற்கும் வரி உண்டோ என்று பயந்து, ஒரு வாரம் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு டிஸ்கவுண்டிங் வந்தது. பின்னால் வரப்போகும் பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்கிற கணக்கு. நாளைக்குக் காப்பி வாங்கித் தருகிறேன் என்றால், “அது இன்னைக்கு முக்கா காப்பிதாம்லே” என்பான். ஏரிக்கரையில் குதிரை விடுகிறவரை நிறுத்தி, குதிரைக்கு இன்னும் எத்தனை சீசன் ஓட்டம் இருக்கிறது என்று விசாரித்தான். கூட்டிக் கழித்து, குதிரையை விடச் சேணத்துக்குத்தான் விலை கூடுதல் என்றும் சொல்லிவிட்டான். அந்த சீசன் முடியும்வரை அந்தப் பக்கமே நாங்கள் தலைகாட்டவில்லை.

எனக்கு மட்டும் டிஸ்கவுண்டிங் பிடிபடவே இல்லை. மெட்ராஸுக்குக் கிளம்பி மலை இறங்கும் பஸ்ஸில் அதைச் சொல்லி அழாத குறை. மலையிலேயே வடகவுஞ்சி கிராமத்தில் பூண்டு பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை அவன்.

“எங்க வீட்டு அடுப்புக்கு மேல பூண்டு தொங்குதுல்ல? பத்துக் கிலோ கட்டுனா ஆறு மாசத்துல புகையில காஞ்சு எட்டுக் கிலோதான் எறங்கும். பின்னாடி வர்ற ரூவாயும் அப்படித்தாம்லே, வர்றதுக்குள்ள காஞ்சுரும். காயிறதை விட வெரசா வெல ஏறுனா வச்சிரு, இல்லாட்டி அன்னைக்கே வித்துரு. அம்புட்டுத்தான்.”

மறுநாள் முதலில் கூப்பிடப்பட்டவன் நான். டிஸ்கவுண்டிங் கேட்டார்கள். நெட்டுருப் போட்ட சூத்திரம் ஒரு எழுத்துகூட வரவில்லை. வாய் தானாகப் பூண்டைச் சொன்னது. மூன்று அதிகாரிகளும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

அடுத்து அவன் போனான். ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்தான். என்ன சொன்னாய் என்றேன். “பூண்டுதான்” என்று சிரித்தான்.

வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து, அன்று கேள்வி கேட்ட அதிகாரி பேச்சுவாக்கில் சொன்னார். “உனக்கு அடுத்து வந்த பையனும் அதே பூண்டைத்தான் சொன்னான்யா. முன்னாடி வந்தவர்கிட்ட கத்துக்கிட்டதான்னு கேட்டேன். ஆமா சார், அவன்தான் சொல்லிக் குடுத்தான்னுட்டான்.”

அந்த வாரமே கொடைக்கானல் பஸ் ஏறினேன். ஆபீஸ் வாசலில் வைத்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான்.

“அது என்னுதுன்னு நாஞ் சொல்லியிருந்தா ரெண்டு பேரையும்ல அனுப்பியிருப்பாங்க? ஒருத்தனாச்சும் உள்ள போறதுதாம்லே லாபம். வா, டீ குடிப்போம். இன்னைக்கே வாங்கிக் குடு.”

இன்றும் அறுவடை முடிந்தால் அவனிடமிருந்து ஒரு பூண்டுக் கட்டு வருகிறது. வீடெல்லாம் புகை வாசனை என்று என் மனைவி முணுமுணுப்பாள். அவன் கணக்குப்படி பார்த்தால், அவன் எனக்குச் செய்தது இத்தனை வருஷத்தில் காய்ந்து சருகாகியிருக்க வேண்டும். என்னிடம் அது ஒரு கிராம்கூடக் குறையவில்லை.