அரியலூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டோஸ்ட் கடை

தேவசகாயம் பட்டாளத்திலிருந்து திரும்பி வரும்போது ஒரு மெடலாவது கொண்டுவருவார் என்று ஊரார் நினைத்தார்கள். அவர் கொண்டுவந்தது நாலு சீஸ் டின்னும் ஒரு கனவும்.

யுத்தம் நடந்த காலமெல்லாம் பெங்களூரில் ஆபீசர்கள் சாப்பிடும் கூடத்தில் தட்டு ஏந்தியவர் அவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் சாயங்காலம் அங்கே கண்ட காட்சி அவர் கண்ணை விட்டுப் போகவேயில்லை. வெள்ளித் தட்டு. அதில் விரல் நீளத்துக்கு நறுக்கிப் பொன்னிறமாகச் சுட்ட ரொட்டி. மேலே உருகி வழியும் சீஸ். அதற்கும் மேலே பொட்டு வைத்தாற்போல் ஒரு துண்டு பழம். துரைசானிகள் இரண்டே விரலால் எடுத்து, பாதி கடித்து, கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள். தேவசகாயம்தான் இன்னும் திறக்கவில்லை.

சொந்த ஊரான ஏலாக்குறிச்சிக்கு வந்து ஆறு மாசமாயிற்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அரியலூர் ஸ்டேஷன்தான் அவருக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு எதிரே அவருடைய டோஸ்ட் கடை. பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மெட்ராஸ் வண்டி வரும். கார்டு இறங்கி வந்து ஒரு டோஸ்டைக் கடிப்பார். கண்ணை மூடுவார். பச்சைக் கொடியை மறந்துபோவார். வண்டி நகராது. டிரைவரும் இறங்கி வருவார். அப்புறம் பிரயாணிகள், ஸ்டேஷன் மாஸ்டர், கடைசியில் கவர்னரே...

அதற்குள் மாடு தண்ணீரைக் குடித்து முடித்து, அவர் வேட்டியை மெல்ல ஆரம்பித்திருக்கும்.

கனவுக்குக் காசு வேண்டாம், கடைக்கு வேண்டுமே! அவர் மனைவி அற்புதம்மாளுக்குச் சீதனமாக வந்த அரைக் காணி நஞ்சை கொள்ளிடக் கரையோரம் இருந்தது. டிசம்பர் மாசம் ஒருநாள் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"அற்புதம், அந்தக் காணியை வித்துடலாமா?"

"எதுக்குங்க?"

"டோஸ்ட் கடை வைக்க."

"டோஸ்டுன்னா?"

"ரொட்டியைச் சுட்டு, அதுமேல சீஸ் வச்சு, பழம் வச்சு..."

"பேருலயே 'சீ'ன்னு வச்சிருக்கான். அதைப் போயி யாருங்க திம்பாங்க?"

"உனக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரிஞ்சதெல்லாம் டோஸ் வுடுறது ஒண்ணுதான்."

அற்புதம்மாள் அன்றைக்கு டோஸ் விடவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"சரிங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்கு நம்ம சனம் பத்துப் பேரு வருவாங்க. முதல்ல உங்க டோஸ்டையே வைப்போம். அதைத் தின்னுட்டு யாரும் சோறு கேக்கலைன்னா காணியை வித்துக்குங்க. ஒருத்தர் கேட்டாலும் இந்தப் பேச்சை வுட்டுட்டு வயல்ல இறங்கணும்."

"அடைக்கல மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா."

தேவசகாயத்துக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு டின்னை உடைத்து, பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு துண்டு சீஸை நீட்டினார். அவள் வாயில் போட்டாள். முகம் கோணிற்று.

"என்னாங்க இது, சவுக்காரமா?"

கால் தரையில் பட்டது.

மறுநாளே மச்சானைத் தேடிக்கொண்டு ஓடினார். மச்சான் ஞானப்பிரகாசம் கோயில் உபதேசியார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

"மச்சான், கிறிஸ்துமஸ் அன்னிக்கு நம்ம வூட்டுல நீங்க யாரும் சோறு கேக்கக்கூடாது."

"தங்கச்சி வச்ச கோழிக் குழம்பை வுட்டுட்டா? மாப்பிள்ளை, உங்களுக்கு ஏதாவது காய்ச்சலா?"

"கடை வந்துட்டா, அரியலூர் வரும்போதெல்லாம் உங்களுக்குக் காப்பி, டோஸ்ட் எல்லாம் ஓசி."

"உபதேசியார் பொய் சொல்லலாமா?"

"பொய் சொல்லவே வேணாம். வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்."

ஞானப்பிரகாசம் தாடையைச் சொறிந்தார். "அது பாவத்துல சேராது," என்று தீர்ப்புச் சொன்னார். மற்ற ஒன்பது பேர் வாயையும் கட்டுகிற பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் காலை. பூசையில் நன்மை என்னும் திருவப்பம் வாங்குவதற்காக முந்தின ராத்திரியிலிருந்து தேவசகாயம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பூசை முடிந்ததும் நேரே அடுப்படிக்கு வந்தார். அரியலூரிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் வந்த ரொட்டியை நறுக்கினார். தோசைக்கல்லில் நெய் தடவி, இரண்டு பக்கமும் சிவக்கச் சுட்டார். சூடு ஆறுமுன் சீஸை வைத்தார். அது மெழுகுவர்த்தி போல உருகிற்று. ஒன்றின் மேல் வாழைப்பழ வில்லை, ஒன்றின் மேல் கொய்யாக் கீற்று, எல்லாவற்றின் மேலும் ஒரு சொட்டுத் தேன். ஜன்னல் வெயிலில் அந்தத் தட்டு தங்கமாக மின்னியது. ஒன்றைக்கூட அவர் வாயில் போடவில்லை. விருந்தாளி கை கழுவும்வரை தட்டு ஏந்துகிறவன் சாப்பிடக்கூடாது. அது பெங்களூர்ச் சட்டம்.

பத்துப் பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இரண்டு விரலால் எடுத்தார்கள். கடித்தார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள்! எதனால் மூடினார்கள் என்று தேவசகாயம் ஆராயவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு கடி. ஒரு கடி, ஒரு மடக்குத் தண்ணீர். இப்படியே தட்டு காலியாயிற்று.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

அற்புதம்மாள் சின்னப்பிள்ளை வீட்டு அடுப்பில் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த கையோடு சட்டியைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். பக்கத்தில் ஆவி பறக்கச் சோறு. மூடியைத் திறந்து, கரண்டியால் அடியிலிருந்து மெதுவாக ஒரு கிளறு கிளறினாள்.

"சோறு வேணுங்கிறவங்க கேளுங்க. யாருக்கும் வேணாம்னா சின்னப்பிள்ளை வூட்டுக்கே குடுத்துடுறேன்."

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஞானப்பிரகாசம் கழுத்தில் தொங்கிய மாதா சுரூபத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவர் பெண்சாதி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

தேவசகாயம் சுவரில் சாய்ந்தார். ஜெயித்தாயிற்று. பத்து வாயும் பூட்டிய பூட்டு. காலையிலிருந்து அடுப்பில் வெந்த உடம்பு. கண் தானாகச் செருகிற்று. பனிமூட்டம் விலகியது. மெட்ராஸ் வண்டி நின்றது. கார்டு இறங்கி வந்தார். தேவசகாயம் வெள்ளித் தட்டை நீட்டி, மூடியைத் தூக்கினார். உள்ளே டோஸ்ட் இல்லை. எண்ணெய் மிதக்க மிதக்க, சிவப்பாக, கோழிக் குழம்பு! வாசனை பிளாட்பாரம் முழுக்கப் பரவிற்று. யாரோ ஒருவன் தவித்துப்போய்க் கத்தினான்:

"அற்புதம், எனக்குச் சோறு போடு! தொடைக்கறியாப் பார்த்துப் போடு!"

யாரடா அவன் என்று தேவசகாயம் கண்ணைத் திறந்தார். கூடத்தில் இருந்த பத்துப் பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை முன்னால் நீண்டிருந்தது.

அடுத்த நிமிஷம் பத்து இலை சடசடவென்று விரிந்தது. ஞானப்பிரகாசம், "மாதாவே, ஸ்தோத்திரம்! எங்க வாயைக் கட்டினவரே அவுத்து வுட்டுட்டாரு!" என்று சம்மணத்தை மாற்றிப் போட்டார். அற்புதம்மாள் தன் அண்ணன் இலையில் இரண்டு தொடையையும் வைத்தாள். பிறகு கரண்டியோடு புருஷனிடம் வந்தாள். குரல் தேன் மாதிரி இருந்தது.

"தொடைக்கறி நீங்க சொன்னபடி வாயைத் தொறக்காம இருந்தவங்களுக்குங்க, உங்களுக்குக் கழுத்துதான்."