படிவத்தின்படி ஐந்தடி

உலகத்தின் மகத்தான சீர்திருத்தங்கள் அனைத்தும் யாரோ ஒருவருடைய குதிகால் வலியில்தான் பிறந்திருக்கின்றன. மில்வாக்கி நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் உதித்த 'பசுமைப் பயணப் பேரியக்க'மும் அப்படித்தான் பிறந்தது. குதிகால் ரெனாட்டா வோய்சிக்கினுடையது. பேரியக்கம் வேறு ஆட்களுடையது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெனாட்டாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. உயரம் நாலடி பத்தரை அங்குலம். அந்த அரை அங்குலத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மருத்துவமனையின் நிலத்தடித் தளத்தில், துணி அறையில், பதினேழு வருடமாக வேலை. ஈரப் போர்வை நிறைந்த வண்டி ஒன்று ஒரு கன்றுக்குட்டி எடை இருக்கும். நாளொன்றுக்கு நாற்பது கன்றுக்குட்டிகளைத் தள்ளுவாள். அதில் குதிகால் வலித்ததில்லை. போக்குவரத்துக் கழகம் அவளுடைய பஸ்ஸை 'மேம்படுத்திய' பிறகுதான் வலித்தது. அதிகாலை ஐந்து பத்து பஸ்ஸை அவர்கள் ஆறு நாற்பதுக்கு மேம்படுத்தினார்கள். அவளுக்கு வேலை ஆறு மணிக்கு. ஜனவரியிலிருந்து நடந்தாள். மூன்றேகால் மைல். பனி காலத்தில் பனி தடுத்தது. பனி உருகியதும் படகுக்காக ஆற்றுப் பாலத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தடுத்தார்கள்.

மருத்துவமனையில் புள்ளி முறை உண்டு. மிகவும் கருணையான முறை. ஆறு மணி ஆறு நிமிடம் வரை பொறுத்துக்கொள்ளும். ஏழாவது நிமிடம் அட்டையைத் தேய்த்தால் கடிகாரம் அரைப் புள்ளி போடும். பள்ளிக்கூடத்தில் புள்ளி சேர்ந்தால் பரிசு தருவார்கள். இங்கே ஆறு சேர்ந்தால் நிரந்தர ஓய்வு தருவார்கள். ஏப்ரல் நடுவில் ரெனாட்டாவிடம் ஐந்தரை இருந்தது. போன வருடத்துப் புள்ளி ஒன்று மே பதினோராம் தேதி காலாவதியாகும். அதுவரை ஒருநாள்கூட ஏழாவது நிமிடத்தின் முகத்தில் விழிக்கக் கூடாது.

"பாஸ், இதப் பாத்தியா?" என்றான் ஓடெல். அவளுடன் வண்டி தள்ளுகிறவன். ஆறடி மூன்று அங்குலம், முப்பது வயது. அவள் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, குதிகாலில் ஐஸ் பையை வைத்திருந்தாள். "சைக்கிள்ல வேலைக்கு வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரியே சைக்கிள் குடுக்குதாம். 'பசுமைப் பயணப் பேரியக்கம்'னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு."

"நான் கடைசியா சைக்கிள் ஓட்டுனப்ப எனக்குப் பத்தொம்பது வயசு."

"அது மறக்கவே மறக்காதுங்கறாங்களே."

"மூளை மறக்காது. முட்டி மறந்திருக்கும்."

"முட்டிய விடு. கால் எட்டணுமே? மேல்தட்டுல சோப்பு எடுக்கவே என்னையத்தான கூப்பிடுற."

"உன் தலை இருக்குற எடத்துல காத்து கம்மி. அதான் யோசிக்க உனக்கு இவ்ளோ நேரமாவுது. நோட்டீஸக் கிழிச்சுக் கொண்டா."

விண்ணப்பப் படிவம் கம்ப்யூட்டரில் இருந்தது. பெயர், துறை, 'உங்கள் சைக்கிள் அடையாளம்' எல்லாம் கேட்டது. உயரம் என்ற இடத்தில் எழுத முடியாது. பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட வேண்டும். பட்டியல் ஐந்தடியில் தொடங்கி ஆறடி எட்டு வரை தாராளமாகப் போனது.

ரெனாட்டா பேரியக்கத்தின் தலைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். விட்னி ஹல்வோர்சன், 'நல்வாழ்வு இயக்குநர்'. சைக்கிளுக்காகவே வாழ்பவர். இருபத்திரண்டு மைல் தள்ளி ஏரிக்கரையில் வீடு. வேன் அளவுக்கு ஒரு கார், அதன் கூரையில் எப்போதும் இரண்டு சைக்கிள். விஸ்கான்சின் மாநிலத்திலேயே அதிக தூரம் பயணம் செய்த சைக்கிள்கள் அவை. டயர் மட்டும் இன்னும் தரையில் பட்டதில்லை.

"ஃபார்ம்ல நாலடி பத்தரை இல்லீங்களே. அஞ்சடியிலதான் ஆரம்பிக்குது" என்றாள் ரெனாட்டா.

"ஓ, அது எல்லாரையும் உள்ளடக்குற மாதிரி வடிவமைச்சது, ரெனாட்டா!"

"அப்ப நானு?"

"நீங்களும் எல்லாரும்தானே? பக்கத்துல எது இருக்கோ அதத் தொடுங்க."

தொட்டாள். கோப்பில் அவள் ஒன்றரை அங்குலம் வளர்ந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் வளர்வது மருத்துவ உலகில் அபூர்வம். அது ஒரு மருத்துவமனையிலேயே நடந்தது எவ்வளவு பொருத்தம்!

பேரியக்கம் அங்கீகரித்த சைக்கிள் கடையில் கிரீஸ் வாசனை இல்லை. காப்பி வாசனைதான் இருந்தது. தாடி வைத்த ஆஷர் என்ற இளைஞன், தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, அவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றான். அவன் இடுப்பு அவள் கண் மட்டத்தில் இருந்தது.

"உங்களுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பத்திச் சொல்லுங்க, மேடம்."

"பிரிஞ்சு முப்பத்து நாலு வருஷமாச்சு. ஒரு பய திருடிட்டுப் போயிட்டான்."

'மீள்வருகை' என்று ஆஷர் எழுதிக்கொண்டான். பிறகு பேரியக்கத்தின் சைக்கிளைக் கொண்டுவந்தான். அலுமினியம், சாம்பல் நிறம், எட்டு கியர். அந்த மாடலின் பெயர் 'சகலரும்'.

இரண்டு கைகளால் தூக்கி ஆஷர் அவளை அதில் ஏற்றினான். ரெனாட்டாவுக்கு நான்கு மாதத்தில் முதல்முறையாகக் குதிகால் வலிக்கவில்லை. வலிக்க, அது எதன்மேலும் படவில்லை.

"சீட்ட எறக்குப்பா."

"எறக்கியாச்சு மேடம். இதுக்கு மேல எறங்காது."

"கால் எட்டலியே."

"ஃபார்ம்ல அஞ்சடின்னு இருக்கே?"

"ஃபார்முக்கு எட்டும். எனக்கு எட்டல."

ஆஷர் பரிவோடு சிரித்தான். "கால் ஊனணும்னு ஏன் நெனைக்கிறீங்க? நிக்கறதப் பத்தி யோசிச்சா நின்னுருவோம். சைக்கிள்ங்கறது போறதுக்கு."

"சிக்னல்னு ஒண்ணு இருக்கு தம்பி. அங்க நின்னாத்தான் வீட்டுக்குப் போய்ச் சேர முடியும்."

பெண்களுக்கென்றே உருவாக்கிய மாடல் ஒன்றும் இருந்தது. அதே சட்டம், அதே சக்கரம், அதே உயரம். பெயின்ட் மட்டும் ஊதா.

"இதுல என்ன வித்தியாசம்?"

"நெறம். அப்புறம் ஒரு தன்னம்பிக்கை."

தன்னம்பிக்கையோடு பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனிதான் தொட்டது. கை இழுத்துக்கொண்டு போய் நெஞ்சு ஹேண்டில்பாரில் படுத்தது. தூணைக் கட்டிப்பிடித்து அழுகிற தோரணை.

"சின்ன சைஸ் இல்லியா?"

"இருக்கே! வரவழைக்கலாம். ஆகஸ்ட்ல வந்துரும்."

அன்றைக்கும் மே பதினொன்றுக்கும் நடுவில் எத்தனை ஆறு மணிகள் என்று ரெனாட்டா எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கொண்டே, எப்படியோ வழுக்கி இறங்கி, கடையின் பின்பக்கம் போனாள். பழைய வண்டிகளை அங்கே சாத்தி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று இருபத்து நாலு அங்குலச் சக்கரம். பச்சை நிறம். சட்டத்தில் நெருப்புக் கக்கும் டிராகன் ஒட்டியிருந்தது. காலைத் தூக்கிப் போட்டு நின்றாள். சட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. உட்கார்ந்தாள். இரண்டு பாதத்தின் முன்பக்கமும் தரையில் அழுந்தின. பிரேக் தானாகவே விரலுக்குள் வந்து உட்கார்ந்தது.

ஆஷர் சாவு வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினான். "மேடம்... அது பதினோரு வயசுப் பசங்க ஓட்டறது."

"பதினோரு வயசுப் பையனுக்குத் தரையில கால் படணும். எனக்கு வேணாமா?"

"வேலைக்குப் போற சைக்கிள் இல்ல மேடம் இது. பேரியக்கத்தோட பட்டியல்லயே கெடையாது."

"வேலைக்குப் போறது நானா, பட்டியலா?"

டிராகனுக்கு அவள் கைக்காசிலிருந்து நாற்பத்தைந்து டாலர் கொடுத்தாள். 'சகலரும்' அவள் பெயரில் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. ஐந்தடி ரெனாட்டா ஒருத்தி கோப்பில் இருக்கிறாளே, அவளுக்கு ஒரு சைக்கிள் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை பௌலிங் கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் பழகினாள். ஓடெல் மட்கார்டும் விளக்கும் மாட்டினான். உடைந்த துணி வண்டியிலிருந்து கழற்றிய கம்பியைப் பின்னால் கேரியராக முடுக்கினான்.

"இந்த டிராகனச் சொரண்டிரட்டா, பாஸ்?"

"இருக்கட்டும். பாலத்துல வர்ற லாரிக்காரன் அதப் பாத்தாச்சும் ஒதுங்குவான்."

இரண்டு முறை விழுந்தாள். கீழே கிடந்தபடியே ஓடெலைப் பார்த்து, "சிரிச்சீன்னா நாளைக்குச் சோப்பு நீயே எடு" என்றாள்.

"இப்பவும் நான்தான எடுக்குறேன்?"

மூன்றாவது முறை சைக்கிள் நேராகப் போனது. கம்பம் வரை போய்த் திரும்பி வந்தது. இன்னொரு சுற்றும் போனது. தேவையே இல்லை, இருந்தாலும் போனாள்.

திங்கட்கிழமை காலை இருபது நிமிடத்தில் மருத்துவமனை வந்துவிட்டது. பாலம் தூக்கியிருந்தால்கூட நேரம் மிச்சம். ஐந்து நாற்பதுக்குத் துணி அறையில் உட்கார்ந்து, ரை மாவு ரொட்டியும் சாசேஜும் தின்று, காப்பியைச் சூடாகவே குடித்தாள். பதினேழு வருடத்தில் அந்தக் காப்பியை அவள் சூடாகக் குடித்ததில்லை. மூன்று வாரம் இப்படியே போனது. குதிகாலும் மறந்துபோனது.

இங்கேதான் பேரியக்கம் தன் கடமையைச் செய்ய முன்வந்தது.

மே பத்தாம் தேதி, ஐந்து நாற்பத்தைந்துக்கு, முன்வாசலில் தொடக்க விழா. விடியல் வெளிச்சத்தில் 'உண்மைத்தன்மை' கூடும் என்று விட்னி முதல்நாளே வந்து பக்கத்து ஓட்டலில் தங்கியிருந்தார். முதல் பயனாளி என்ற முறையில் ரெனாட்டாவுக்கு அழைப்பு. டிராகன்மேல் வந்து இறங்கியவளை விட்னி கட்டித் தழுவிவிட்டு, டிராகனைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்.

"போட்டோவுக்கு நம்ம சைக்கிள்தான் வேணும், ரெனாட்டா."

"ஆறு மணிக்கு நான் அட்டை தேய்க்கணும்ங்க. என்கிட்ட அஞ்சரைப் புள்ளி இருக்கு."

"இதுவும் ஆஸ்பத்திரி வேலைதானே! கவலையே படாதீங்க."

காவலாளிகள் இரண்டு பேர் அவளை 'சகலரும்' மேல் ஏற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

"இயல்பா இருங்க!" என்றார் விட்னி.

"இயல்பா இருந்தா விழுந்துருவேன்!"

முதல் படத்தில் கண் மூடியிருந்தது. இரண்டாவதில் காவலாளியின் கை தெரிந்தது. ஆகவே காவலாளிகளை அகற்றி, சைக்கிளைத் தூணில் சாய்த்து, அவளை அதன்மேல் தனியாக விட்டார்கள். மூன்றாவது படம் அற்புதம். அந்த நிம்மதியில் விட்னி பேசத் தொடங்கினார். பயணம் என்பது இலக்கல்ல, அது ஒரு மனநிலை என்றார். காவலாளிகள் பதாகையின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள். ரெனாட்டா தூணைக் கட்டிப்பிடித்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்! ஆறு மூணு!" பக்கவாட்டுக் கதவிலிருந்து ஓடெல் கத்தினான்.

"எறக்கி விடுங்கய்யா யாராவது!"

"ஒரே ஒரு நிமிஷம், ரெனாட்டா. கடைசிப் பத்திக்கு வந்துட்டேன்" என்றார் விட்னி.

ஓடெல் ஓடி வருவதற்குள் அவள் குதித்துவிட்டாள். 'சகலரும்' அவள்மேலேயே சாய்ந்தது. வலது குதிகால் சிமெண்ட்டில் இடித்தது. நொண்டிக்கொண்டு, ஓடெலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படியிறங்கிக் கடிகாரத்தில் அட்டையைத் தேய்த்தாள்.

ஆறு மணி ஏழு நிமிடம்.

பணியாளர் அலுவலகம் அவள் சொன்னதை மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டது. விழாவில் இருந்ததாக ஏற்பாட்டாளர் எழுதிக் கொடுத்தால் போதும், அரைப் புள்ளி போய்விடும். ரெனாட்டா விட்னியிடம் போனாள்.

"எனக்கு மனசே கேக்கல, ரெனாட்டா," என்றார் விட்னி, நெஞ்சில் கைவைத்து. "ஆனா நிகழ்ச்சி நிரல்ல விழா அஞ்சு அம்பத்தஞ்சுக்கு முடிஞ்சிருச்சே."

"நீங்க ஆறு அஞ்சு வரைக்கும் பேசுனீங்க."

"நிரல்ல அப்படி இல்லியே."

"நான் சைக்கிள் மேல இருந்தேன். எறங்க முடியல."

"அஞ்சடி இருக்கறவங்க எறங்கலாம்னு கடைக்காரங்க சான்றிதழ் குடுத்திருக்காங்க. தவிர, புள்ளி என் துறை இல்ல. உங்க பயணத்தக் கொண்டாடறதுதான் என் துறை."

மறுநாள், மே பதினொன்றாம் தேதி, பழைய புள்ளி ஒன்று வாக்களித்தபடியே காலாவதியானது. மருத்துவமனை வாக்குத் தவறாது. ஆறு புள்ளி சேர்ந்த ரெனாட்டாதான் முதல்நாள் மாலையே வேலையிலிருந்து போய்விட்டிருந்தாள்.

இப்போது அவள் மருத்துவமனையைத் தாண்டி இன்னும் ஒரு மைல் தள்ளி, முதியோர் இல்லத்துச் சலவையறையில் வேலை செய்கிறாள். ஐந்தரைக்கு வேலை. டிராகனில் போகிறாள், ஒருநாளும் தாமதமில்லை. வழியில் மருத்துவமனை மதில்மேல் இருபதடிச் சுவரொட்டி. 'சகலரும்' மேல் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் ரெனாட்டா. கீழே: 'நேரத்துக்கு வருகிறோம். எங்களுக்கு வழி தெரியும்.' அந்த இடம் வந்ததும் அவள் மணியை அடிப்பாள். துணி அறையின் தரைமட்டச் சன்னலிலிருந்து ஓடெல் ஒரு தலையணை உறையை ஆட்டுவான். மேல்தட்டுச் சோப்பை எடுக்கச் சொல்ல அங்கே இப்போது யாருமில்லை.

பேரியக்கத்துக்கு மாநில விருது கிடைத்தது. பங்கேற்றவர்களில் நூற்றுக்கு நூறு பேர் காரைத் தொடவில்லையாம். பங்கேற்றவர் ஒருவர்தான், அவருக்குக் கார் கிடையாது. 'சகலரும்' மருத்துவமனைக் கூடத்தில், கயிறு கட்டிய மேடைமேல், 'ரெனாட்டாவின் சைக்கிள்' என்ற பலகையோடு நிற்கிறது. போன வாரம் விட்னியிடமிருந்து அவளுக்கு ஒரு படிவம் வந்தது. சுவரொட்டியில் இருக்கும் படத்துக்கு ஒப்புதல் வேண்டுமாம். ரெனாட்டா கையெழுத்துப் போடும் இடத்தை விட்டுவிட்டு, 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் தன் சரியான உயரத்தை எழுதினாள். அதற்குக் கீழே, விருது வாங்கிய மருத்துவமனை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாத ஒரே ஒரு பாக்கியையும் எழுதினாள்: மே பத்தாம் தேதி நீங்கள் எடுத்துக்கொண்ட ஏழு நிமிடத்துக்கு, எனக்கு நீங்கள் திருப்பித் தரவேண்டியது அரைப் புள்ளி.