கட்டக் கிழவனை ஆற்றில் தள்ளினேன்

அழுகிற பொம்பளைகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. சாவு வீட்டில் அழுவது வேறு, அது கடமை. நாடகம் பார்த்து மூக்கைச் சிந்துகிறாளுகளே, அவளுகளைச் சொல்கிறேன். கம்பளையில் எங்கள் தெருவில் அப்படி அழாதவள் நான் ஒருத்திதான். அடுத்த வீட்டு ரஹீமா, டீவியில் யாரோ ஒருத்தி செத்ததற்குப் பகல் சோறு ஆக்காமல் உட்கார்ந்திருந்ததைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான். அப்படிப்பட்ட என் மானம் ஒரு கட்டக் கிழவனால் போனது.

மருமகள் சாந்திக்குக் கண்டி டவுனில் ஃபோன் கடையில் வேலை. ஒருநாள் பெரிய ஃபோன் மாதிரி பழைய டெப் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“இதுல ஒரு கேம் இருக்கு, வெளயாடுங்க மாமி. எழுத்தே கெடையாது.”

(எழுத்தே கிடையாதாம். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிற லட்சணத்தைக் குத்திக் காட்டுகிறாள்.)

திறந்தால், படமா அது? பாய் முடைந்த மாதிரி கட்டம் கட்டமாக ஒரு கிழவன், ஒரு கிழவி. கண்ணுக்கு ஒரு கட்டம், மூக்குக்கு ஒரு கட்டம். வாய்க்குக் கட்டம் போதவில்லை போலிருக்கிறது.

“ஏன்டி, இந்தக் காலத்துலயும் இப்பிடியா படம் போடுவானுங்க?”

“அதுதான் இப்ப ஸ்டைல் மாமி. வேணும்னேதான் பழசு மாதிரி செய்வாங்க.”

வேண்டுமென்றே செய்கிறார்களாம். எங்கள் வீட்டுச் சுவரும் அப்படியென்றால் வேண்டுமென்றேதான் பெயர்ந்து கிடக்கிறது.

கதை இதுதான். கிழவனுக்கு ஞாபகம் போய்விட்டது. எங்கே விட்டாலும் அங்கேயே நிற்பான். கிழவி அவனைக் கட்டம் கட்டமாகத் தள்ளி வீடு சேர்க்க வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. (கல்யாணம் கட்டியவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.) வழியில் பள்ளம் வந்தால் பாறையைத் தள்ளி மூட வேண்டும். ஒவ்வொரு இடம் தாண்டும்போதும் பழைய ஞாபகம் ஒன்று வரும். இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நிற்பார்கள், குடை முழுக்க அவள் பக்கம் சாய்ந்திருக்கும், அவன் நனைவான்.

“சீ, இதுக்கெல்லாமா அழுவாளுக” என்றேன். சொல்லிவிட்டு, சோறு அடிப்பிடிக்கிற அளவுக்கு விளையாடினேன்.

என் மானம் போன அன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர் மாரிமுத்து, “ஆத்துல குளிச்சிட்டு வாரேன்” என்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வீட்டுக்குப் பின்னால் இறங்கினால் மகாவலி. நான் தலையைத் தூக்கவில்லை. கடைசி இடம். கட்டக் கிழவனின் வீட்டு வாசல் தெரிகிறது, இன்னும் ஒரே ஒரு கட்டம். பக்கத்திலேயே ஆறு. அவசரத்தில் தப்பான பக்கம் நின்று தள்ளிவிட்டேன்.

களுக். கிழவன் போய்விட்டான். அவன் கையிலிருந்த குடை மட்டும் மிதந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது, மாரில் அடித்துக்கொண்டேன். “ஐயோ, வாசல் வரைக்கும் கூட்டியாந்து நானே ஆத்துல தள்ளிட்டேனே!”

வேலிக்கு அந்தப் பக்கம் ரஹீமா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “அல்லாவே! அக்கா, யார?”

“கெழவனத்தான் ரஹீமா! நின்ன மனுசன, என் கையாலயே!”

அவள் போட்ட கூச்சலில் தெருவே ஆற்றுக்கு ஓடியது. கயிறு போனது, மூங்கில் போனது, லொறி டியூப் போனது. நான் ஓடிவிடக் கூடாதென்று இரண்டு பேர் வாசலில் காவல் வேறு.

“அந்தக்கா அப்பிடிச் செய்வாங்களா?”

“செய்வாங்க, செய்வாங்க. அந்த வாய்க்குக் கையும் நீளும்.”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் என்ன சொல்வது? கட்டம் போட்ட பொம்மைக்காக மாரடித்தேன் என்று, அதுவும் ரஹீமாவிடமா? யோசித்துப் பார்த்தேன். கொலைகாரி என்ற பேரே கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தது. மனுசன் குளித்துவிட்டு வரத்தானே போகிறார் என்று டெப்பைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது: “துவாய் பாறையில கெடக்கு! ஆளக் காணோம்!”

கௌரவமாவது மண்ணாவது. காவலுக்கு நின்றவளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். “நான் தள்ளலடி! அது கேம்! கேம் பாத்துத்தான் அழுதேன்! அவரத் தேடுங்க!” என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினேன். ஒரு வீடு மிச்சமில்லாமல் கேட்டது.

ஆற்றங்கரைக் கூட்டத்தின் கடைசியில், எட்டி எட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார் என் வீட்டுக்காரர். துவாயைக் காயப்போட்டுவிட்டு சலூனில் கெரம் போர்ட் ஆட்டம் பார்க்கப் போனவர், சனம் ஓடுவதைக் கண்டு கூடவே ஓடிவந்திருக்கிறார். புதிதாகக் குடிவந்த பெடியனிடம் யார் விழுந்தது என்று கேட்டிருக்கிறார். யாரோ கிழவனாம், பெண்சாதி தள்ளிவிட்டாளாம் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

என்னைக் கண்டதும், “கேட்டியா இந்த அநியாயத்த? இப்பிடியும் பொம்பளைங்க இருக்காளுக. பாவம், அந்த மனுசன் என்ன பாடு பட்டானோ” என்றார்.

நான் அழவில்லை. “துவாய எடுங்க” என்றேன். வீடு வரைக்கும் அவரை முன்னால் விட்டே நடந்தேன்.

சாயங்காலம் வந்த சாந்தி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “மாமி, மூலையில ஒரு வளைஞ்ச அம்பு இருக்கு பாருங்க. அத அமுக்கினா தாத்தா திரும்ப வந்துருவாரே!”

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகு ரஹீமா எந்த நாடகத்துக்கு அழுதாலும் என்னால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. என் வீட்டுக்காரரோ எங்கே போய்வந்தாலும், வாசலுக்கு ஒரு எட்டு முன்னால் மரம் மாதிரி நிற்பார்.

“அம்ப அமுக்கினியா? திரும்ப வந்துட்டேன்.”

வீடே சிரிக்கும். நான் சிரிப்பதில்லை. பின்னால் போய் முதுகில் கையை வைத்து, நல்ல பக்கம் பார்த்து, உள்ளே தள்ளுவேன்.